தம்பிக்குத் தனிச் சட்டி

பாகற்காயை அரிந்ததும் உப்புப் போட்டுப் பிசறி, பிழிந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் பிழிவதில்லை. கசப்பெல்லாம் போன பிறகு அதைச் சமைத்து என்ன பயன்? புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, வெல்லம் ஒரு துண்டு கிள்ளிப் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்கிறவரை வற்றவிட வேண்டும். என் தம்பி கொளஞ்சிநாதன் அதைச் சோற்றில் பிசைந்து தட்டை வழித்துச் சாப்பிடுவான். அவனுக்கென்றே ஒரு சின்ன மண்சட்டி வைத்திருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் அந்தச் சட்டி அடுப்பில் ஏறும்.

எழுதிக்கொள்ளுங்கள் தென்றல் அம்மா. இந்த வயதிலேயே சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டீர்கள், உங்களைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள். மத்தியானம் சாப்பிடவில்லை போலிருக்கிறது, முகம் வாடிக் கிடக்கிறது. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. அந்த டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டே எழுதுங்கள்.

என் பெயர் சிந்தாமணி. வயது ஐம்பத்தாறு. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எங்களுக்கு ஒரு கொட்டகை. பொம்மை வார்க்கிறோம். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது கொளஞ்சிக்கு ஐந்து வயது, எனக்கு இருபது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "பையன யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். அப்புறம் யாரும் வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பொம்மைக்குக் கடைசியாக எழுதுவது கண். உடம்பு, புடவை, நகை எல்லாம் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். கண்ணில் ஒரு மயிரளவு தூரிகை விலகினால் பொம்மைக்கு மாறுகண் விழுந்துவிடும். கொளஞ்சி பதினாறு வயதிலிருந்தே கண் எழுதினான். அவன் எழுதிய பொம்மையை எங்கே வைத்தாலும் அது நம்மையே பார்க்கும். வெளியூர் வியாபாரிகள், "கொளஞ்சி எழுதுன சரக்கா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

இருபத்து நாலாவது வயதில் அவனுக்கு அது வந்தது. நாலு நாள் தூங்கவில்லை. "பொம்மைங்க என்னப் பத்தியே பேசுதுங்க யக்கா, ஒனக்குக் கேக்கலியா?" என்றான். எழுதிய கண்களையெல்லாம் துணியை நனைத்துத் துடைத்தான். ஒரு காலையில் சட்டை இல்லாமல் ஜங்ஷன் ரோட்டில் ஓடி, ஒரு லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டான். அன்றைக்கே புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் நல்ல மனுஷர். அவசரப்படாமல் எனக்கு விளக்கினார். மூளையில் ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்ப டோபமின் என்கிற ரசாயனத்தை விடுகிறதாம். இவனுக்குச் சில இடங்களில் அது வழிந்து ஓடுகிறது. அதனால் சும்மா கிடக்கிறதெல்லாம் தன்னிடம் எதையோ சொல்வதாகத் தோன்றும். மாத்திரை போய் டோபமின் நுழைகிற வாசல்களை அடைத்துவிடும். ஆனால் எந்த வாசல் என்று பார்த்துப் பார்த்து அடைக்க மாத்திரைக்குத் தெரியாது. கைகால் அசைவுக்கும், ஒன்றின் மேல் ஆசை வைப்பதற்கும் வேண்டிய வாசல்களையும் சேர்த்து அடைத்துவிடும். கை நடுங்கலாம், எச்சில் வடியலாம், எதிலும் பிடிப்பில்லாமல் போகலாம். அதனால்தான் அளவு முக்கியம் என்றார்.

"சிலிக்கேட் மாதிரிங்களா?" என்று கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை. கெட்டியான களிமண் கூழில் சில சொட்டு சிலிக்கேட் விட்டால் அது தண்ணீராய் ஓடும், அச்சில் ஊற்றலாம். இன்னும் கொஞ்சம் கூடிவிட்டால் அதே கூழ் தயிர் மாதிரி உறைந்துபோகும், ஒன்றுக்கும் ஆகாது. இதை நான் அவருக்குச் சொன்னேன். "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்மா" என்று சிரித்தார். அந்த ஒரு பாராட்டை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கொளஞ்சி மாத்திரையைத் துப்பினான். எனக்கு ஒன்றுமில்லை என்று கத்தினான். டாக்டர் ரொம்ப யோசித்துவிட்டு, ஆரம்பத்தில் சில வாரம் மட்டும் சோற்றில் கலந்து கொடுக்கச் சொன்னார். "தெளிஞ்சதும் நீங்களே சொல்லிடணும்மா. அப்புறம் அவரு கையால அவரே எடுத்துப் போடணும். அதான் முறை." சரி என்று தலையாட்டினேன்.

உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, மருந்து நுணுக்குகிற அந்தச் சின்னப் பீங்கான் கல்வம் அப்போது நான் வார்த்ததுதான். வெளியே கிளேஸ் பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே போடவில்லை. உள்ளே வழுவழுப்பாக இருந்தால் மாத்திரை நுணுங்காது.

மருந்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆறாவது வாரம் தம்பி தெளிந்துவிட்டான். நடுக்கத்துக்கென்று டாக்டர் கொடுத்த இன்னொரு சின்ன மாத்திரையும் வேலை செய்தது. பழையபடி தூரிகையை எடுத்தான். முதல் பொம்மைக்குக் கண் எழுதி முடித்துவிட்டு, "என்னா யக்கா, எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்குது" என்று அழுதான். அப்போது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. நன்றாக இருக்கிறவனைக் கூப்பிட்டு உனக்கு நோய் என்று சொல்ல எந்த அக்காவுக்கு மனம் வரும்?

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். தன் பார்வையிலேயே வைத்துப் பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நான் குறைத்தேன். பாதி மாத்திரைக்கு வந்திருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் சந்திரலேகா என்று ஒரு பெண் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் சிரித்தால் எங்கள் கொட்டகைக்குக் கேட்கும். கொளஞ்சி வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்புவான். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, சந்திரலேகாவக் கட்டிக்கலாம்னு இருக்கேன். அவங்க ஊருலயே ஒரு வூடு வாடகைக்கி இருக்குதாம்."

"அப்ப நானு?"

"நீ நம்ம வூட்டுலயே இரு. ஞாயித்துக்கெழமையானா வந்துடுவோம். ஒரு மணி நேரம் பஸ்ஸு, அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒரு மணி நேரம்.

நான் திட்டவில்லை, அழவில்லை. கல்யாணப் பேச்சு என்றால் மனசு அலைபாயும். நோய் திரும்பிவிடக் கூடாதல்லவா? மறுநாள் பாதியை முழு மாத்திரையாக்கினேன். பத்து நாளில் அதற்கும் மேல். நடுக்கத்துக்கான அந்தச் சின்ன மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். கண் எழுதுகிற கை இருந்தால் ஒருவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நீங்கள் ஏன் பேனாவை நிறுத்திவிட்டீர்கள்?

மூன்றே வாரத்தில் கொளஞ்சியின் கையில் தண்ணீர்ச் செம்பு நிற்கவில்லை. சந்திரலேகா வீட்டுக்கு வந்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில் இறங்கியது. தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள்.

"என்னாச்சு ஒனக்கு? எங்கிட்டயாவது சொல்லேன்."

"தூக்கம் வருது" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். "டாக்டருகிட்ட காட்டுனீங்களா யக்கா?"

"காட்டிகிட்டுதாம்மா இருக்கறோம். பழைய வியாதி. ஒங்கிட்ட சொல்லலியா அவன்?"

காபி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள். அதற்குப் பிறகும் மூன்று தடவை வந்தாள், அதை மறைக்கக்கூடாது. நாலாவது தடவை வரவில்லை.

புதுச்சேரிக்குப் போவதை அத்தோடு விட்டுவிட்டேன். டாக்டரின் மருந்துச் சீட்டு மடிப்பில் கிழிய ஆரம்பித்தது. அதை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டேன். மெடிக்கல் கடைக் கலியமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னாக்கா, ரேஷன் கார்டு கணக்கா செஞ்சு வச்சிருக்கற?"

"ரேஷன் கார்டுலயாவது பேர எடுத்துடுவாங்க. இதுல எடுக்க முடியாது பாருங்க."

"அது சரி" என்று மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் தேதியைப் பார்த்ததே இல்லை. அவரை நீங்கள் ரொம்ப விரட்ட வேண்டாம். எல்லாரும் என்னை நல்லவள் என்று நம்பினார்கள், அவரும் நம்பினார்.

பதினைந்து வருஷம் எங்கள் வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. கொளஞ்சி கூழை அச்சில் ஊற்றுவான், காத்திருப்பான், மிச்சத்தைக் கவிழ்ப்பான். அதற்கு நடுங்குகிற கை போதும். உடம்பு பருத்தது. வா என்றால் வருவான், உட்கார் என்றால் உட்காருவான். பேட்டையில், "தம்பிய என்னா தங்கமா வச்சிருக்கற" என்பார்கள். கண் எழுத ஆள் இல்லாததால் கண்ணை அச்சடித்த தாளிலிருந்து வெட்டி ஒட்ட ஆரம்பித்தோம். அந்தப் பொம்மைகள் யாரையும் பார்ப்பதில்லை. விற்பனை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்தப் பங்குனியில் அவனாகவே ஒன்று கேட்டான். பதினைந்து வருஷத்தில் அவன் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "யக்கா, என் கை எதுனால இப்படி ஆடுதுன்னு கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிக் கேப்பமா?"

நீங்கள் வெளியூர், அதனால் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், நமக்கு நடந்த அநியாயத்தைப் போலீஸுக்கு எழுதுவது மாதிரியே தாளில் எழுதி, பூசையில் வைத்து, வேலில் கட்டிவிட்டு வரலாம். மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ சாமி தீர்ப்புச் சொல்லும். தீர்ந்ததும் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அந்தச் சாமி பேரைத்தான் இவனுக்கு வைத்திருக்கிறோம்.

கூட்டிப்போனேன். எழுத உட்கார்ந்தால் பேனா அவன் விரலில் நிற்கவில்லை. தாளில் கிறுக்கலாக விழுந்தது. "நீயே எழுதுக்கா" என்று தாளை என் பக்கம் தள்ளினான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் கையை இப்படி ஆக்கியது நோயோ, ஏவலோ, மனிதரோ, எதுவானாலும் வெளியே தெரிய வேண்டும். என் கை நிற்க வேண்டும்.' ஒரு எழுத்து மாற்றவில்லை. சாமிக்குக் கொடுக்கிற தாளில் பொய் எழுத எனக்கு மனம் வராது. என் கையாலேயே வேலில் கட்டினேன். வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு போட்டேன், எப்போதும் போல.

சரியாக ஒரு மாதம். கொட்டகையில் கூழ் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. கடலூரில் ஆபரேஷன். நாற்பது நாள் படுக்கை. எங்களிடம் வேலை செய்கிற வேல்விழி கொளஞ்சிக்குச் சமைத்துப் போட்டாள். நல்ல பெண், பாகற்காய் மட்டும் செய்யத் தெரியாது. அவளிடம் நான் என்னவென்று சொல்வது?

முதல் இரண்டு வாரம், "அண்ணனுக்குத் தூக்கமே இல்லக்கா, வேர்த்துக் கொட்டுது, பொழுதுக்கும் நடந்துகிட்டே இருக்குது" என்று போனில் சொன்னாள். டாக்டரைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்றேன். நாலாவது வாரம் அவனே போனை வாங்கினான்.

"யக்கா, சாப்ட்டியா? கால ஊனி நிக்க முடியுதா?"

அந்தக் குரலை நான் பதினைந்து வருஷமாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று வாக்கரை ஊன்றிக் கொட்டகைக்குள் காலை வைத்தேன். பலகைகளில் இருநூறு பொம்மைகள், எல்லாம் வாசலைப் பார்த்து. ஒட்டின கண் இல்லை, எழுதின கண். முதல் வரிசையில் மாறுகண், கோணல் புருவம். போகப் போக நேராகி, கடைசி வரிசை என்னையே பார்த்தது.

"எல்லாம் அண்ணன் எழுதுனதுக்கா!" என்றாள் வேல்விழி. "மொத வரிசயப் பாத்து நான் சிரிச்சேன்னு ஒரு நாளு முழுக்க எங்கூடப் பேசல."

கொளஞ்சி இளைத்திருந்தான். வாய் மட்டும் ஏதோ மெல்லுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கொஞ்சம்தான் ஆடியது.

"நம்ம பிராதுல பாதி பலிச்சுடுச்சு யக்கா. யாருன்னுதான் இன்னும் தெரியல, அத வுடு. வெள்ளிக்கெழம போயி வாபஸ் வாங்கிட்டு வந்துடலாம். அப்புறம் ஒரு நாளு ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு வரேன்."

"அங்க யாரு இருக்கறாங்க ஒனக்கு?"

"சந்திரலேகாவுக்கு இந்நேரம் புள்ளங்க பெரிசாயிருக்கும், தெரியும். ஒரு மன்னிப்பு மட்டும் கேக்கணும். அன்னிக்கு அது அவ்ளோ கேட்டுது. நான் வாயே தொறக்கல. ஏன் தொறக்கலன்னு எனக்கே வெளங்கல யக்கா."

"வெள்ளிக்கெழமைக்கு இன்னும் அஞ்சு நாளு இருக்குது" என்றேன். வேல்விழியைக் கூப்பிட்டுப் பாகற்காய் வாங்கிவரச் சொன்னேன்.

நிற்க முடியாமல் அடுப்பங்கரையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் சமைத்தேன். பழைய அளவு போடவில்லை. இரண்டு மடங்கு. நாற்பது நாள் விட்டுப்போனதை ஈடுகட்ட வேண்டும் என்று தோன்றியது. சிலிக்கேட் கூடினால் என்ன ஆகும் என்று அந்த டாக்டருக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். அது அப்போது நினைவில் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நினைவில் இருந்தது.

"என்னாக்கா இன்னிக்கி இவ்ளோ கசக்குது?"

"நாப்பது நாளா நாக்குக்குப் பழக்கம் வுட்டுப்போச்சுடா."

ஒடிந்த இடுப்போடு அக்கா சமைத்தாளே என்று தட்டை வழித்துச் சாப்பிட்டான். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

வியாழக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு நெருப்பாகச் சுட்டது. கைகால் பலகை மாதிரி விறைத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, "ஏதாவது மாத்திரை சாப்பிடுறாராம்மா? நரம்புக்கு, தூக்கத்துக்கு, எதுவானாலும் சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்லீங்க டாக்டர், அவன் எந்த மாத்திரையும் தொடமாட்டான்" என்றேன். அது பொய்யில்லை. பதினேழு வருஷமாக அவன் தொட்டதே இல்லை.

மூளைக்காய்ச்சலா, டெங்குவா என்று ஒன்றரை நாள் தேடினார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கூழ் உறைந்துவிட்டது என்று அந்த வார்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

டாக்டரம்மா அதே கேள்வியை வேல்விழியிடம் கேட்டிருக்கிறார். அவள் மஞ்சள்தூள் டப்பாவுக்குள் அட்டை அட்டையாக மாத்திரை இருந்ததை முன்பே பார்த்திருந்தாளாம், என்னுடைய பிரஷர் மாத்திரை என்று நினைத்தாளாம். ஓடிப்போய் டப்பாவையும், லேமினேட் சீட்டையும், இந்தக் கல்வத்தையும் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினாள். அதற்குப் பிறகுதான் சரியான வைத்தியம் ஆரம்பித்தது. இன்னும் அரை நாள் போயிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்றார்கள்.

பிராது கட்டிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன், வேல்விழி டப்பாவைக் கொட்டிய அன்றோடு எழுபத்தாறு நாள், மூன்று மாதத்துக்குள்தான். சாமியின் மேல் எனக்குக் கோபமில்லை.

தெரிந்து செய்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். முதல் ஆறு வாரம் அவன் நோய்க்காக. மிச்சப் பதினேழு வருஷமும் அவன் நன்மைக்காகத்தான். வெளியே போனால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதை நான் கேட்கவில்லை அம்மா, ஊர்தான் முதலில் கேட்டது.

அவன் கண் விழித்துவிட்டான் என்று சொன்னீர்கள். சந்தோஷம். வாய் மெல்லுவது மட்டும், அத்தனை வருஷ மாத்திரையால் வந்ததாம், இனிப் போகாதாம். என்னை அவன் கேட்கவில்லை என்றும் சொன்னீர்கள். அது பரவாயில்லை, அவனுக்கு எதையும் கேட்கத் தெரியாது. ஆனால் வேல்விழி கஞ்சி கொண்டுபோனால்கூட, முதலில் அவளை ஒரு வாய் குடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான் என்றீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பயந்துபோயிருக்கிறான் பிள்ளை. அந்தப் பயமே மறுபடியும் நோயில் கொண்டுபோய் விடும்.

ஒரே ஒரு வேளை என்னை அவனிடம் விடுங்கள் அம்மா. பிஞ்சாக நாலு பாகற்காய் மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். அவன் கண் முன்னாலேயே முதலில் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சட்டியிலிருந்து ஒரு துளிகூட நான் வாயில் வைத்ததில்லை. ஒரு வாயில் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது.